உலாந்தாச் சட்டியில் ஒரு பங்கு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் தூத்துக்குடியில் சட்டிக் கூட்டம் என்று ஒன்று இருந்தது. சங்கம் என்று சொல்ல அதற்குப் பதிவும் கிடையாது, தலைவரும் கிடையாது. மொத்தம் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும், கடற்கரைப் பக்கம் பூட்டிக் கிடந்த ஓர் உப்புக் கிட்டங்கியின் மணல் முற்றத்தில் கூடுவார்கள். இரும்புச் சட்டிகளில் சமைத்து, எல்லாவற்றையும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ வீட்டுக்குப் போவார்கள்.

அந்தச் சட்டிகளை உலாந்தாச் சட்டி என்பார்கள். உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், ஊரை ஆண்ட காலத்தில் கப்பல் குசினிகளில் இருந்தவை என்று பேச்சு. கனத்த வார்ப்பிரும்பு, கீழே மூன்று குட்டைக் கால்கள், தட்டையான மூடி. மூடியைச் சுற்றி ஒரு விரல் உயரத்துக்கு விளிம்பு நிற்கும். சிரட்டைக் கரித் தணலைச் சட்டிக்கு அடியில் கொஞ்சமும் மூடிக்கு மேல் நிறையவும் போட்டால், இரண்டு பக்கச் சூட்டிலும் உள்ளே இருப்பது தன் நீரிலேயே வேகும். இடையில் திறக்கக் கூடாது, கிண்டக் கூடாது. தணல் சாம்பல் பூத்ததும் எல்லா மூடிகளையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். கூட்டத்துக்கு இருந்த சட்டம் இவ்வளவுதான்.

சுங்க ஆபீஸ் குமாஸ்தா ஜேசுதாசன் வீட்டில் இப்படி ஒரு பழைய சட்டி இருந்தது. அதில் வெந்த ஆட்டுக்கறியை ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்த மளிகைக் கடை மந்திரமூர்த்தி, அதைப் பார்த்து மதுரை வார்ப்புப் பட்டறையில் இன்னும் மூன்று செய்வித்துக்கொண்டு வந்தார். அப்படித்தான் கூட்டம் தொடங்கியது. மந்திரமூர்த்தியின் மனைவி செண்பகம் சேர்ந்தாள். சங்கு குளிக்கிற ரோச் சேர்ந்தான். ரோச்சின் அக்கா பிலோமி கடைசியாக வந்தவள். அவளுக்கென்று சட்டி கிடையாது. செண்பகத்தின் சட்டியில்தான் முறை வைத்துக்கொண்டு சமைப்பாள்.

பிலோமிக்கு முப்பது வயது. தோணிக்காரர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துப் பிழைத்து வந்தாள். புருஷன் அம்புரோஸ் நாற்பத்திரண்டு மார்ச்சில் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிய தோணியில் கொழும்புக்குப் போனவன். தோணி கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்த மாதமே அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதற்குப் பிறகு கடலில் தொலைந்தவர்களைத் தேட யாருக்கும் பொழுதில்லை. அந்தத் தோணியில் ஆளைப் பறிகொடுத்த மற்றப் பெண்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு மரித்தோர் பூசை வைத்துக் கறுப்பு உடுத்திக்கொண்டார்கள். பிலோமி மட்டும் பூசைக்குப் பணம் கொடுக்கவும் இல்லை, தாலியைக் கழற்றவும் இல்லை. கேட்டால், ஆளைக் கண்ணால் பார்க்காமல் எப்படி என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

நாற்பத்து நாலு தை மாதம் ரோச் ஐந்தாவதாக ஒரு சட்டியைக் கொண்டுவந்தான்.

கரையிலிருந்து எட்டு மைல் தள்ளி, ஒன்பது பாகம், அதாவது ஒன்பது ஆள் ஆழமுள்ள ஒரு பாரில், கடலடித் திட்டில், சங்கு தேடிக் குளித்தபோது கண்டதாகச் சொன்னான். சுற்றிலும் வெறும் மணல். கப்பல் உடைந்த பலகையோ ஆணியோ எதுவும் இல்லை. நடுவில் அந்தச் சட்டி மூன்று காலில் நேராக, மூடியோடு உட்கார்ந்திருந்ததாம். வெளிப்புறமெல்லாம் சிப்பியும் சுண்ணாம்பும் படர்ந்திருந்தன. முற்றத்தில் வைத்து உளியால் தட்டி மூடியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு மணல் இல்லை, ஒரு பூச்சி இல்லை. காலையில் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் கறுத்து மினுங்கியது. உப்புத்தண்ணீரில் கிடந்த இரும்பு இந்நேரம் பொரிந்து உதிர்ந்திருக்க வேண்டுமே என்று ஜேசுதாசன் இரண்டு மூன்று தரம் சொன்னார். மந்திரமூர்த்தி நல்லெண்ணெய் தேய்த்துத் தணலில் பழக்கினார். பிலோமிக்குச் சட்டி இல்லாத குறை தீர்ந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் அதில் அரிசி போட்டுத் தேங்காய்ப்பால் விட்டு, மேலே ஒரு விளமீனை முழுசாக வைத்து மூடினாள். ரேஷன் அரிசி. ஐந்து பேருக்கு அளந்து போட்டது. மூடியை எடுத்தபோது சோற்றில் ஒரு பக்கம் குழி விழுந்திருந்தது. கையால் அள்ளியதுபோல் நான்கு விரல் தடம். மீனின் தலையைக் காணோம்.

ரோச் திருடித் தின்றான் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவன் மாதா மேல் ஆணையிட்டான். மூடி மேல் போட்ட தணல் கலையாமல் அப்படியே சாம்பலாகிக் கிடந்ததைச் செண்பகம்தான் கவனித்தாள். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஜேசுதாசன் மாவைக் குழைத்து மூடிக்கும் சட்டிக்கும் நடுவில் சுற்றிலும் ஒட்டினார். ஒட்டியவர் அங்கேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சூட்டில் மாவு காய்ந்து ஓடுபோல் இறுகியது. பிறகு அவரே கத்தியால் கீறித் திறந்தார். ஒரு ஆள் பங்கு குறைந்திருந்தது. மீன் தலையும் இல்லை. சட்டியின் உள்பக்கச் சுவரில், ஆவி படிந்த இடத்தில், ஈரக் கை துடைத்த அடையாளம் இருந்தது. ஜேசுதாசன் வெகுநேரம் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு அந்தச் சோற்றை யாரும் தொடவில்லை. பிலோமி மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதன் பிறகு அவள் நடை மாறிவிட்டது. வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைக்காகவே இருந்தாள். மீன் ஏலம் விடும் இடத்தில் நின்று நல்ல சீலாவாகப் பார்த்து வாங்கினாள். மிளகாயைக் குறைத்துப் புளியைக் கூட்டினாள். அரிசியில் ஒரு பங்கு அதிகம் போட்டாள். அது தன் பங்கு என்றும், வாரத்தில் இரண்டு நாள் ராத்திரிக்குக் கப்பக் கிழங்கு தின்றால் போகிறது என்றும் சொன்னாள். சட்டியை மூடுமுன் குனிந்து அதற்குள் ஏதோ முணுமுணுப்பதை ரோச் பார்த்தான். ஒவ்வொரு வாரமும் ஒரு பங்கு போயிற்று. மீன் தலை போயிற்று.

செண்பகத்துக்கு அந்த முற்றத்துக்கு வரவே பிடிக்கவில்லை. மத்தியான வெயில் சுள்ளென்று அடிக்கும், மதிலில் காக்கை உட்கார்ந்திருக்கும், பக்கத்து ரோட்டில் உப்பு வண்டி போகும் சத்தம் கேட்கும். அந்த வெளிச்சத்தில் அந்தச் சட்டி மட்டும் சும்மா இருப்பதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே சிப்பியால் இரும்பைச் சுரண்டுவதுபோல் மெல்லிய சத்தம் வரும். ஒரு வாரம் மனது பொறுக்காமல் பிலோமியிடம் கேட்டேவிட்டாள்.

"ஏளா, யாருக்குன்னு நெனச்சு நீ இப்படிப் பாத்துப் பாத்துப் போடுதே?"

"எங்க வீட்டு ஆளுக்குத்தான் அக்கா. மீன் தலைய அவுக யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டாக. ஒங்களுக்குத் தெரியாதா?"

செண்பகம் மெதுவாகக் கேட்டாள். "அப்ப, அண்ணன் இல்லன்னு நீயே சொல்லுதியா?"

பிலோமியின் கையில் அகப்பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் நின்றாள். இரண்டு வருஷமாகச் சாமியாரும் சொந்தக்காரர்களும் சொல்லி அவள் ஏற்றுக்கொள்ளாத ஒன்றை, ஐந்து வாரமாகத் தன் கையாலேயே ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. அன்றைக்கு அவள் பரிமாறவில்லை. கிட்டங்கி மதிலோரம் போய் உட்கார்ந்தவள், எல்லோரும் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கணவாய் வாங்கிவந்தாள்.

அம்புரோஸுக்குக் கணவாய் ஆகாது. ஒரு துண்டு தின்றால் போதும், முகமும் கழுத்தும் தடித்துச் சிவந்து, மூச்சு இழுக்கும். கல்யாணமான புதிதில் தெரியாமல் ஆக்கிப் போட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு வாசலைக் கணவாய் தாண்டியதில்லை. இதையெல்லாம் அவள் மற்ற நாலு பேருக்கும் சொன்னாள். சட்டியில் கணவாய் அப்படியே கிடந்தால் இத்தனை வாரமும் வந்து சாப்பிட்டது அவர்தான். அதன் பிறகு தானே போய் மரித்தோர் பூசைக்குக் கொடுத்துவிடுவேன் என்றாள். இடுக்கியால் தணலை எடுத்து மூடி மேல் போட்டாள்.

மந்திரமூர்த்தி மூடியை எடுத்தார். சட்டி காலியாக இருந்தது. ஒரு பங்கு மட்டும் அல்ல, சோறும் கணவாயும் மசாலாவும் எல்லாமே போயிருந்தன. அடியில் ஒட்டிய காந்தலைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தது. கறுத்த இரும்பில் வழித்த விரல் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. ஒரு கையின் தடம் அல்ல. சிறிய கையும் பெரிய கையும் இருந்தன.

ஜேசுதாசன்தான் வாய் திறந்தார். "செத்தவுகளுக்கு உடம்பு ஏது பிலோமி, தடிக்கதுக்கு? இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

மந்திரமூர்த்தி அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். பிலோமிக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ. அவள் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தன வாரமா நான் யாருக்குச் சோறு போட்டேன்?" என்றாள்.

அந்த வாரம் அவள் தூங்கவில்லை என்று ரோச் பிற்பாடு சொன்னான். புருஷன் இல்லை என்று நம்பி, அவன் வந்து சாப்பிடுகிறான் என்று தேற்றிக்கொண்ட மனம் அது. இப்போது இரண்டும் இல்லாமல் போயிற்று. அவன் எங்கோ இருக்கலாம் என்ற பழைய எண்ணம் திரும்பியது. கூடவே, முகம் தெரியாத யாரோ தன் கைச்சோற்றுக்குப் பழகிவிட்டார்கள் என்ற பயமும் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டியை யாரும் அடுப்பில் ஏற்றவில்லை. மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மற்ற நான்கு சட்டிகளில் மட்டும் சமைத்தார்கள். நான்கு மூடிகளையும் எடுத்தபோது நான்கிலும் குழி விழுந்திருந்தது. மதுரையில் வார்த்த புதுச் சட்டிகளிலும் அதே விரல் தடம். அடுப்பைச் சுற்றி மணல் ஈரமாக இருந்தது. ஜேசுதாசன் குனிந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கடல் தண்ணீர். கடல் அங்கிருந்து இருநூறு கஜம்.

செண்பகம் அப்போதே வீட்டுக்குப் புறப்பட்டாள். சட்டியைச் சம்மட்டியால் உடைத்துப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட வேண்டும் என்றார் ஜேசுதாசன். எடுத்த இடத்திலேயே கொண்டு போட்டுவிடலாம், அதுதான் நியாயம் என்றான் ரோச். மந்திரமூர்த்திக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நாளைக்கே வள்ளத்தில் ஏற்றிப் போய்த் தள்ளிவிட்டு வாருங்கள் என்றார்.

பிலோமி மறித்தாள். "வெறுஞ்சட்டிய அனுப்பக் கூடாது அண்ணாச்சி. பசியாத்தான் வந்திருக்காக. வயிறு நெறையப் போட்டுத்தான் அனுப்பணும்."

"அதுக எத்தனை பேரு, எவ்வளவு தின்னும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மந்திரமூர்த்தி.

"சட்டி கொள்ளுற மட்டும் ஆக்குவோம். பங்கு போட்டுக்கிடட்டும்."

அந்த வருஷம் ஊரில் பசி என்றால் என்னவென்று கடைக்காரருக்குத் தெரியாமல் இல்லை. தன் வீட்டு அரிசியைக் கொண்டுவந்தார். செண்பகம் வரவில்லை. ஆனால் ஒரு செம்பு நெய் கொடுத்து அனுப்பினாள். ஜேசுதாசன் ஓர் ஆட்டுத் தொடை வாங்கிவந்தார்.

பெண்பிள்ளையை வள்ளத்தில் ஏற்றுவதில்லை என்று ரோச்சின் கூட்டாளி முரண்டு பிடித்தான். நான் வராமல் சட்டி வராது என்றாள் பிலோமி. விடியற்காலை நிலக்காற்றில் புறப்பட்டார்கள். வள்ளத்தின் நடுவில் மண் நிரப்பிய பெட்டி வைத்து, அதன்மேல் சட்டியை ஏற்றித் தணல் போட்டிருந்தாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சோறும் கறியும் வெந்தன. தானும் வருவதாக ஏறிக்கொண்ட மந்திரமூர்த்தி பாய்மர நிழலில் கண்ணை மூடி உட்கார்ந்து, வாய்க்குள் முருகன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கடலுக்குள் வந்தது அதுவே முதல் தடவை.

பாரை அடைந்தபோது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. காற்று நின்றுவிட்டது. தண்ணீர் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. பிலோமி மூடி மேலிருந்த தணலைத் துடைப்பத்தால் கடலில் தள்ளினாள். அது சீறி அணைந்தது. மூடியை ஒரு விரற்கடை தூக்கிப் பார்த்தாள். விளிம்பு வரை நிரம்பியிருந்தது. மூடியைச் சட்டியின் பக்கக் காதுகளோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, இறக்குகிற கயிற்றை ரோச் தானே முடிச்சுப் போட்டான். சங்கு குளிக்கிறவன் போடும் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது.

சட்டி இறங்கியது. ஒன்பது பாகம் போனதும் கயிறு தொய்ய வேண்டும். எட்டுப் பாகத்திலேயே தொய்ந்தது. யாரோ கீழிருந்து இரு கையாலும் வாங்கிக்கொண்டதுபோல் கனம் நின்றுவிட்டது என்று கயிறு பிடித்திருந்த மந்திரமூர்த்தி சொன்னார். கயிற்றை மேலே இழுத்தார்கள். வெறும் கயிறு வந்தது. அறுந்திருக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, நுனியை ஒழுங்காகச் சுருட்டிவிட்டிருந்தது.

ரோச் கல்லைக் கட்டிக்கொண்டு குதித்தான். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. வழக்கமாக அவன் மூச்சை அடக்கும் நேரத்தைவிட அதிகமாகக் கீழே இருந்தான். பிலோமி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். அவன் மேலே வந்து வள்ளத்தில் ஏறியதும் பல் கிட்டியது. அந்த வெயிலில் மேலெல்லாம் புல்லரித்திருந்தது. கரை வந்து, கிட்டங்கி முற்றத்தில் உட்கார்ந்து, ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்த பிறகுதான் பேசினான்.

"சட்டி மணல்ல நேரா இருக்கு அக்கா. மூடிய எடுத்துப் பக்கத்துல மல்லாக்க வச்சிருக்கு, பந்தியில வைப்போம்லா, அப்படி. உள்ள ஒரு பருக்கை இல்ல. அம்புட்டுச் சோறும் கொட்டியிருந்தா மீன் மொய்ச்சிருக்கணும். ஒரு மீனு கூடக் கிடையாது."

"வேற?"

"சட்டியச் சுத்தி மணல்ல பள்ளம். ஆளு சம்மணம் போட்டு இருந்து எழுந்த மாதிரி. வட்டமா. நான் சுத்தி வந்து எண்ணினேன். பதினொண்ணு."

பிலோமி அந்தப் பள்ளங்கள் பெரியவர் உட்கார்ந்த இடமா, சிறியவர் உட்கார்ந்த இடமா என்று கேட்டாள். இரண்டும் இருந்தது என்றான் ரோச். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அம்புரோஸ் போன பிறகு அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் எந்தக் கப்பல் எப்போது மூழ்கியது என்று ஜேசுதாசன் ஆபீஸில் பழைய காகிதங்களையெல்லாம் புரட்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. சிறு கப்பலாக இருக்கலாம், பசியோடு திசை தப்பி அலைந்த குடும்பமாகவும் இருக்கலாம் என்றார். அதற்கு மேல் அவர் தர்க்கம் செய்யவில்லை.

பிலோமி கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் ஒரு மரித்தோர் பூசை கேட்டாள். கடைசியில் மனம் தேறினாளே என்று அவர் பேனாவை எடுத்து அம்புரோஸ் என்று எழுதப் போனார்.

"அவுக பேரு வேண்டாம் சாமி."

"பின்னே யாருக்கு?"

"பேரு தெரியாது. கடல்ல போன பதினோரு பேரு. அதுல சின்னப் பிள்ளைகளும் உண்டு."

சாமியார் அவள் முகத்தைப் பார்த்தார். கடலில் மாண்ட பதினொருவர் என்று எழுதிக்கொண்டார்.

பூசை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மந்திரமூர்த்தியும் செண்பகமும் கோயிலின் கடைசித் தூணோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். முடிந்ததும் ஐந்து பேரும் முற்றத்துக்குப் போனார்கள். சமைப்பதா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. ரோச் கரியைப் பற்றவைத்தான். செண்பகம் தன் சட்டியைப் பிலோமி பக்கம் நகர்த்தி, இன்றைக்கு உன் முறை என்றாள்.

தணல் சாம்பல் பூத்தது. நாலு மூடிகளையும் எடுத்தார்கள். மற்றவர்கள் முதலில் பார்த்தது பிலோமியின் சட்டியைத்தான். சோறு விளிம்போடு சமமாக, ஒரு குழி இல்லாமல், வைத்தது வைத்தபடி இருந்தது. மீன் தலையோடு கிடந்தது. செண்பகம் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். ஜேசுதாசன் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஏதோ வேடிக்கை சொன்னார்.

பிலோமிக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த முழுச் சோற்றைப் பார்த்தபோது, விருந்தாளிகள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்ட வீடுபோல் அவளுக்கு என்னவோ செய்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அகப்பையை எடுத்துப் பரிமாறத் தொடங்கினாள்.